காட்டில் தங்குவோன் விருந்தினன்; உரிமையாளன் அல்லன்

உழைத்துக் களைத்த மாந்தன் ஊரைவிட்டு வெளியேறி, ஆற்றங்கரையிலோ அருவிச் சாரலிலோ மலைக்காட்டின் ஓரத்திலோ ஓரிரு நாள் தங்கி மீள விழைவது குற்றமன்று. அஃது உடலுக்கும் உள்ளத்துக்கும் வேண்டிய மருந்து. 'ஊர்சுற்றல் செல்வர் வேலை. உழைப்பாளிக்கு அஃது எதற்கு?' என்று வினவுவாரும் உளர். நாளெல்லாம் ஆலையிலும் அலுவலகத்திலும் அடைபட்டுக் கிடப்பவனுக்கே திறந்த வெளியும் ஓடும் நீரும் மிகுதியாகத் தேவை என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. ஆகலின், சுற்றுலாவே கூடாது என்பது நம் கருத்தன்று. எவ்வாறு செல்வது, எங்குத் தங்குவது, யாருடைய இடத்தில் யாருடைய இசைவோடு இரவைக் கழிப்பது என்னும் வினாக்களையே ஈண்டு எழுப்புகின்றோம். இவ்வினாக்களுக்கு நேர்மையான விடை காணாமையால் யானைகள் மாண்டுள்ளன, மக்களும் மாண்டுள்ளனர்.

தமிழர்க்கு இவ்வெளியுலா புதிதன்று. ஆற்றில் புதுவெள்ளம் வருங்கால் ஊரே திரண்டு சென்று நீராடி மகிழ்ந்ததைப் பரிபாடலின் வையைப் பாடல்கள் விரித்துரைக்கின்றன. ஆடித் திங்கள் 18-ஆம் நாள், காவிரிக் கரையூர்களில் இன்றும் புளிச்சோறும் தேங்காய்ச்சோறும் எள்ளுச்சோறும் கட்டிக்கொண்டு பெண்டிரும் பிள்ளைகளும் படித்துறைக்குச் செல்கின்றனர். சித்திரை முழுநிலா நாளில் ஆற்று மணலில் அமர்ந்து நிலவொளியில் கூடியுண்ணும் வழக்கமும் பல ஊர்களில் உண்டு. இக்கொண்டாட்டங்களில் செலவு சிறிது, பகிர்வு பெரிது. இலையில் கட்டிச் சென்றதை உண்டு, எஞ்சியதை மீனுக்கும் காக்கைக்கும் இட்டு மீண்டனர் நம் முன்னோர். அவர்கள் வந்து சென்ற சுவடே மறுநாள் ஆற்றங்கரையில் தெரிந்திராது.

மலையில் வழிச்செல்வோர் எவ்வாறு ஒழுகவேண்டும் என்பதற்குத் தனி நூலே நம்மிடம் உண்டு. பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படை நூல்கள். அவற்றுள் ஒன்றான மலைபடுகடாம், 583 அடிகளில், நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு நவிரமலை வழியை எடுத்துரைக்கின்றது. பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கெங்கு உள்ளன, பாம்பு எங்குக் கிடக்கும், யானையை ஓட்டப் புனங்காவலர் எறியும் கவண்கல் எப்பக்கமிருந்து வரும், எந்தப் பாறை வழுக்கும் என்றெல்லாம் அது முன்கூட்டியே எச்சரிக்கின்றது. இருள் வந்தபின் நடவாமல் குகைகளில் தங்கி, விடிந்தபின் புறப்படுமாறு அறிவுறுத்துகின்றது. மலையில் வாழ்வோர் உறவினரைப் போல வரவேற்று ஊணளிப்பர் என்றும் கூறுகின்றது.

இதனின்று மூன்று செய்திகள் பெறப்படும். ஒன்று, இடமறிந்தவன் வழிகாட்டவே பிறர் செல்லவேண்டும். இரண்டு, காட்டில் இருள் வந்தபின் திரியலாகாது. மூன்று, மலைக்கு வருவோரை வரவேற்று ஓம்பும் உரிமையும் பெருமையும் அம்மலையின் மக்களுக்கே உரியன. இம்மூன்றையும் கைவிட்டமையே இற்றைச் சீர்கேட்டின் வேர் என்க.

இச்சீர்கேடு தொடங்கிய வரலாற்றையும் சுருங்கக் காண்போம். 1819-இல் கோவைத் தண்டலராயிருந்த சான் சல்லிவன் நீலமலை மேலேறினார். அதன்பின் குளிர்நாட்டு வெள்ளையர் வெயிலுக்கு அஞ்சித் தங்கும் இடமாக உதகை வளர்ந்தது. தொதவரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் வாழ்ந்த மலை, வெள்ளையரின் கோடை மாளிகைகளுக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் வேட்டைக்கும் களமாயிற்று. 1882-ஆம் ஆண்டின் சென்னைக் காட்டுச் சட்டம் காட்டை அரசின் உடைமையாக்கிற்று. தன் மலையிலேயே விறகு பொறுக்கவும் தேனெடுக்கவும் இசைவு கேட்டு நிற்க வேண்டியவனானான் மலைமகன். வேட்டைக்கு வந்த அலுவலர்க்கோ காட்டின் நடுவே ஓய்வில்லங்கள் எழுந்தன. 'காடு வந்து தங்குவோர்க்கு. அங்குப் பிறந்தோர் அவர்க்கு ஏவலர்' என்னும் தலைகீழ் முறை அன்றே வேரூன்றிவிட்டது.

வெள்ளையர் சென்றனர், அம்முறை செல்லவில்லை. வேட்டைத் துமுக்கியின் இடத்தில் படக்கருவி வந்தது. அரசு ஓய்வில்லத்தின் பக்கத்தில் 'ரிசார்ட்டு' என்னும் பெயர்ப்பலகையோடு வணிக விடுதி வந்தது. வேறுபாடு அவ்வளவே.

இதற்குச் சீகூர் மேட்டுநிலத்தைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. நீலமலையின் வடசரிவு செங்குத்தாய் இறங்கும் அடியில், மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குத் தெற்கே, மசினகுடியைச் சூழ்ந்து கிடக்கும் நிலம் அது. மேற்கே முதுமலை, கிழக்கே சத்தியமங்கலக் காடுகள், வடக்கே ஆற்றுக்கு அப்பால் பந்திப்பூர். மேற்குத் தொடர் மலைக் காடுகளையும் கிழக்குத் தொடர் மலைக் காடுகளையும் இணைக்கும் இடுப்புப் போன்றது அந்நிலம். ஆசிய யானைகள் உலகிலேயே மிகுதியாக வாழும் காட்டுப்பரப்பு நீலமலையையும் கிழக்குத் தொடர் மலையையும் உள்ளிட்ட இப்பரப்பேயாகும். ஒரு பக்கம் ஏறவொண்ணா மலைச்சுவர். மறுபக்கம் இறங்கவொண்ணா ஆற்றுப் பள்ளம். இடையில் எஞ்சிய நிலத்தின் வழியாகவே யானை கடந்தாக வேண்டும்.

மேலும் சீகூர் மழைமறைவு நிலம், முட்புதர்க் காடு. கோடையில் அங்கு நீர் அரிது. வளர்ந்த யானையொன்று நாளொன்றுக்கு 100 முதல் 200 இலிட்டர் வரை நீர் பருகும். பகல் வெயிலில் நிழலில் நின்று, பொழுது சாய்ந்தபின் நீர்த்துறை நோக்கி நடப்பது அதன் இயல்பு. அந்த வேளையில்தான் விடுதிகளில் விளக்குகள் எரியத் தொடங்குகின்றன, தீ மூட்டப்படுகின்றது, ஒலிபெருக்கி முழங்குகின்றது. யானை நடந்த தடத்துக்குக் குறுக்கே மின்வேலி நிற்கின்றது. ஒரு விடுதியைச் சுற்றிச் செல்லும் யானை மற்றொரு விடுதியின் வேலியில் முட்டுகின்றது. அதனையும் தவிர்த்தால் எளிய உழவனின் வயலில் இறங்குகின்றது. பின்னர் 'யானை ஊருக்குள் புகுந்தது' என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. யானையின் ஊருக்குள் புகுந்தவர் யாவர் என்று எழுதுவார் இல்லை!

இதற்கு முறையான தீர்ப்பு இல்லாமலில்லை. சீகூரில் யானை வழித்தடத்தை வரையறுத்துத் தமிழ்நாட்டரசு 2010 ஆகசுட்டில் ஆணையிட்டது. சென்னை உயர்நயன்மன்றம் 2011 ஏப்பிரலில் அவ்வாணை செல்லும் என்றது. விடுதி உடைமையர் உச்சநயன்மன்றம் சென்றனர். அங்கு வழக்கு நிலுவையில் இருக்கும்போதே, 2018 ஆகசுட்டில், மன்ற ஆணைப்படி 27 விடுதிகள் முத்திரையிடப்பட்டன. 2020 அக்தோபர் 14-ஆம் நாள் உச்சநயன்மன்றம் உயர்நயன்மன்றத் தீர்ப்பை உறுதிசெய்து, தனித்தனி முறையீடுகளை ஆய்ந்து முடிவுசெய்ய ஓய்வுபெற்ற நடுவர் ஒருவர் தலைமையில் குழுவும் அமைத்தது. ஓர் அரசாணை தன் இறுதித் தீர்ப்பைக் காணப் பத்தாண்டுகள் ஆயின. அப்பத்தாண்டும் யானை அதே தடத்தில்தான் நடந்தது. விடுதிகளில் இரவுக் களியாட்டமும் நடந்தது.

தீர்ப்பு வந்து நான்கு திங்கள்கூட நிறைவுறவில்லை. 2021 சனவரி 19-ஆம் நாள், மசினகுடிப் பகுதியில் ஏற்கெனவே புண்பட்டிருந்த ஆண்யானையொன்று, தெப்பக்காட்டு முகாமுக்குக் கொண்டுசெல்லும் வழியிலேயே உயிர்நீத்தது. அதன் காது எரிந்து கிழிந்து குருதி வடிந்திருந்தது. விடுதியொன்றின் பக்கம் வந்த அவ்யானையின்மேல், தீப்பற்றி எரிந்த டயரை எறிந்த கொடுமை பின்னர்ப் படக்காட்சியாக வெளிவந்து நாட்டை உலுக்கிற்று. எரியும் டயர் காதில் மாட்டிக்கொள்ள, அலறிக்கொண்டு இருளில் ஓடும் அவ்யானையைக் கண்டவர் யாரும் அதனை மறந்திரார். இருவர் தளைசெய்யப்பட்டனர், விடுதி மூடப்பட்டது.

அதற்கு நான்காம் நாள், சனவரி 23-ஆம் நாள் இரவு, அதே மலைத்தொடரின் மறுபக்கத்தில், கேரளத்து வயநாட்டு மேப்பாடியில், காட்டோர விடுதியின் கூடாரத்தில் தங்கியிருந்த 26 அகவை ஆசிரியை ஒருவர் யானை தாக்கி இறந்தார். அவ்விடுதியும் பின்னர் மூடப்பட்டது.

இவ்விரண்டு இறப்புகளையும் அருகருகே வைத்து எண்ணுக. ஓரிடத்தில் மாந்தன் யானையைக் கொன்றான். ஓரிடத்தில் யானை மாந்தரைக் கொன்றது. இறந்த யானை எந்தக் குற்றமும் செய்ததில்லை. இறந்த பெண்ணும் எந்தக் குற்றமும் செய்தவரல்லர். காட்டின் அருகே ஓரிரவு தங்கி மகிழவேண்டும் என்று அவர் விரும்பியது இயல்பான விருப்பம். அவ்விருப்பத்தை விலையாக்கி, யானை நடமாடும் இடத்தில் துணிக்கூடாரத்தை விரித்து, 'அஞ்சாது உறங்குக' என்று இடங்கொடுக்கும் வணிகமே குற்றவாளி. அதனைக் கண்டும் காணாதிருக்கும் ஆளுமையும் குற்றத்தில் பங்குடையது.

ஆகவே நாம் வலியுறுத்தும் முதற்கொள்கை இது: பகலில் காட்டைக் காணும் உரிமை மக்களுக்கு உண்டு, இரவோ காட்டுக்கே உரியது. இது வெறும் உணர்ச்சியுரை அன்று. 2009 முதல் பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொதுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டுள்ளது. சத்தியமங்கலக் காட்டின் பண்ணாரிச் சாலையிலும் சென்னை உயர்நயன்மன்ற ஆணையால் 2022 பிப்பிரவரி முதல் இரவுக் கட்டுப்பாடு உள்ளது. 2025 நவம்பரில், கார்பெட் புலிக் காப்பக வழக்கில், புலிக் காப்பகங்களில் இராச்சுற்றுலாவை அறவே விலக்கவேண்டும் என்று உச்சநயன்மன்றமும் கூறிவிட்டது. காய்கறியும் மருந்தும் ஏற்றிச் செல்லும் சுமையுந்தே காட்டின் இரவுக்கு மதிப்பளித்து நிற்கும்போது, களியாட்டத்துக்கு வந்தவன் நிற்கலாகாதா?

இதற்கு மறுப்புகள் எழும் என்பதை அறிவோம். அவற்றை ஒளிக்காமல் எடுத்துக்கொள்வோம்.

'எங்கள் நிலம், எங்கள் பட்டா, பணங்கொடுத்து வாங்கினோம்' என்பர் விடுதி உடைமையர். பட்டா தாளில் உள்ளது. தடமோ யானையின் தலைமுறை நினைவில் உள்ளது. தாய்யானை கன்றுக்குக் காட்டிய வழியைத் தாளெழுத்து மாற்றிவிட இயலாது. தன் நிலமேயாயினும் ஆற்றுக்குக் குறுக்கே ஒருவன் சுவரெழுப்ப நாம் ஒப்புவதில்லை. நீரின் ஓட்டத்துக்கு அளிக்கும் மதிப்பை உயிரின் ஓட்டத்துக்கும் அளிப்பதே அறம்.

'விடுதிகளை மூடினால் உள்ளூர் மக்கள் பிழைப்பிழப்பர்' என்பது இரண்டாம் மறுப்பு. இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. மசினகுடிச் சுற்றூர்களில் ஓட்டுநராகவும் சமையலாளராகவும் காவலராகவும் பிழைத்தோர் பலர். அவர்கள் அடுப்பணைவது நம் நோக்கமன்று. ஆனால் ஒன்று கேட்கின்றோம்: அவ்விடுதிகளின் வருவாயில் அவர்களுக்குக் கிடைத்த பங்கு யாது? இருளர் மகனுக்கு வாயிற்காவல். குறும்பர் மகளுக்குப் பாத்திரங் கழுவல். பிழைப்பென்று இவர்கள் காட்டுவது இக்கூலியைத்தான். விருந்தோம்பும் உரிமை உடையவன் தன் மலையிலேயே கூலியாளாய் நிற்பதை 'வேலைவாய்ப்பு' என்று பெருமை பேசலாமா? எனினும், கூலியும் இல்லாமற் போவது அதனினும் கொடிது. ஆகவே விடுதியை மூடும் ஆணை பிறக்கும் நாளிலேயே, அங்கு உழைத்தோர்க்கு மாற்றுப் பிழைப்பளிக்கும் ஆணையும் பிறத்தல் வேண்டும். ஒன்றைச் செய்து மற்றொன்றை மறப்பது பாதி அறமேயாகும். பாதி அறம் முழுத் தீங்காய் முடிவதுண்டு.

'எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் சிக்கல் தீருமே' என்பது மூன்றாம் கூற்று. இது பெரும்பாலும் அலுவலர் வாயிலிருந்து வருவது. 2018 மார்ச்சு 11-ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலையில் தங்கி இறங்கி வந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். 23 உயிர்கள் அழிந்தன. பெரும்பாலோர் இளையர். கோடைத் தொடக்கத்தில் உலர்ந்த புல்மலையில் தீ எவ்விரைவில் ஏறும் என்று அவர்களுக்குச் சொல்லக்கூடிய மலைமகன் ஒருவன் முன்னின்றிருந்தால் எத்தனை உயிர்கள் எஞ்சியிருக்கும்! 2024 மே 17-ஆம் நாள் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 அகவைச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றது. மேல்மலையில் மழை பெய்தால் அருவியின் ஓசையும் நிறமும் மாறும் என்பது அம்மலையடியில் வாழ்வோர் அறிந்த செய்தி. அவ்வறிவு குளிக்க வந்தவனுக்குச் சென்று சேரவில்லை. ஒகேனக்கல்லிலோ காவிரியில் நீர்வரத்து மிகுந்தால் குளிப்பதும் பரிசல் விடுவதும் உடனே நிறுத்தப்படுகின்றன. அங்கு நீரின் அளவு அளக்கப்படுகின்றது. அவ்வளவு மக்களுக்கு அறிவிக்கப்படுகின்றது. ஆகவே வேண்டுவது அடைப்பன்று, அறிவுடைய திறப்பு.

குரங்கணிக்குப் பின் 2018-இலேயே மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வகுக்கப்பட்டன. 2024 அக்தோபரில் 14 மாவட்டங்களில் 40 தடங்களை அரசு திறந்து, உள்ளூர் மலைமக்களுள் பயிற்சி பெற்றோரை வழிகாட்டியராக அமர்த்திற்று. வழிகாட்டியோடு மட்டுமே செல்லலாம் என்பது நன்று, அதனைப் பாராட்டுகின்றோம். ஆனால் சில தடங்களுக்கு ஆளொன்றுக்கு ஆயிரக்கணக்கான உருபா கட்டணம். கூலித்தொழிலாளியின் பிள்ளை தன் நாட்டு மலையை எட்டநின்று பார்க்க வேண்டியதுதானா? தமிழ்நாட்டரசு தமிழ்நாட்டு மலைகளுக்குத் தமிழ் மக்களை அழைக்கும் திட்டத்துக்கு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று பெயர். மலையேற்றம் என்னும் அழகிய சொல் மலையடியிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது போலும்!

உதகைக்கும் கோடைக்கானலுக்கும் செல்லும் ஊர்திகளுக்கு 2024 மே முதல் முன்பதிவுச் சீட்டு வேண்டும். 2025 ஏப்பிரலிலிருந்து நீலமலைக்கு வேலைநாளில் 6,000, வார இறுதியில் 8,000 என்று ஊர்தி எண்ணிக்கைக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. மலையின் தாங்கு திறனுக்கு ஓர் அளவுண்டு என்று முறைமன்றமே ஒப்புக்கொண்டமைக்கு இது சான்று. ஆயினும் ஊர்தியை எண்ணுவதோடு பணி முடியாது. ஏறியவன் இரவை எங்குக் கழிக்கின்றான் என்பதையும் எண்ணவேண்டும். ஆயிரம் ஊர்திகள் பகலில் வந்து மீள்வதனினும், யானைத்தடத்தில் நிற்கும் ஒரு விடுதி மிகுந்த தீங்கு செய்யும்.

அவ்வாறாயின் மக்கள் எங்குத்தான் தங்குவது? விடை நம் நாட்டிலேயே உள்ளது. கோவை மாவட்டம் காரமடைக்கு மேற்கே, பவானியாற்றின்மேல் பில்லூர் அணை. அதன் நீர்ப்பரப்பின் ஓரத்தில் பரளிக்காடு. அங்குக் காட்டுத்துறை இருளர் ஊர்மக்களோடு சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலா தொடங்கி ஏறத்தாழ இருபதாண்டுகள் ஆகின்றன. முன்பதிவு செய்து வருவோர்க்கு மட்டுமே இடம். பரிசல் ஓட்டுவோர் ஊர் ஆடவர். கேழ்வரகுக் களியும் கீரையும் சமைத்துப் பரிமாறுவோர் ஊர்ப் பெண்டிர். வருவாய் ஊர்க்குழுவின் வழியே ஊர்க்குச் செல்கின்றது. இரவு தங்க விரும்புவோர்க்கு, ஆற்றங்கரைப் பூச்சமரத்தூரில் காட்டுத்துறையின் எளிய தங்கல்மனை உண்டு. ஒலிபெருக்கியும் குடிக்கூத்தும் இல்லாமலே மக்கள் மகிழ்ந்து மீள்கின்றனர்.

மற்றொரு சான்று பரம்பிக்குளம். கேரளத்துப் புலிக் காப்பகமாயினும் பொள்ளாச்சி, சேத்துமடை வழியாகவே அதற்குச் செல்லவேண்டும். அங்குக் காடர், மலசர், முதுவர் முதலிய மலைமக்களின் குழுக்களே வழிகாட்டலையும் தங்கல்களையும் நடத்துகின்றன. தேக்கடியில், காட்டில் மரப்பட்டை திருடி விற்றுப் பிழைத்தோரே பிற்காலத்தில் காட்டின் காவலராகவும் வழிகாட்டியராகவும் மாறினர். காட்டை அழித்தவன் கைக்கே காட்டைக் காக்கும் மதிப்பான வேலையைத் தந்தால், அக்கை மாறும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி நம்மவரிடமும் சில சொற்கள் கூறியாக வேண்டும். அரசையும் வணிகரையும் பழித்துவிட்டு மக்களை மட்டும் புகழ்வது நேர்மையன்று. அருவிக்கரையில் குடித்துவிட்டுப் புட்டியைப் பாறையில் எறிந்து உடைப்பவன் எந்த விடுதி முதலாளியும் அல்லன். அவன் நம் தெருவிலிருந்து சென்றவன். அக்கண்ணாடிச் சில் யானையின் உள்ளங்காலில் ஏறினால் அப்புண் அழுகும். நடக்கவியலாத யானை நீருக்கும் செல்லவியலாது. அரசே மதுவை விற்று, அரசே அதன் புட்டியால் காடு கெடுவதைக் கண்டு, உயர்நயன்மன்றம் இடித்துரைத்தபின், புட்டியொன்றுக்கு 10 உருபா கூடுதலாக வாங்கித் திருப்பித் தரும்போது அத்தொகையை மீளக் கொடுக்கும் திட்டத்தை 2022 மே திங்களில் நீலமலையில் தொடங்கிற்று. பத்து உருபாவுக்காகக் குனிந்து எடுக்கும் புட்டியை, மானத்துக்காகக் குனிந்து எடுக்கக் கூடாதா? குரங்குக்கு முறுக்கிடுவதும், மானுக்கு உப்புத் தின்பண்டம் நீட்டுவதும், யானையருகே நின்று படமெடுப்பதும் அன்பின் அடையாளம் அல்ல. அவ்விலங்குகளைக் கெடுக்கும் வழிகளே.

மொழியும் இதனில் தொடர்புடையதே. வேங்கை, மருது, ஈட்டி, நெல்லி, கடுக்காய் என்று மரத்தின் பெயரறிந்து காட்டைக் காண்பவனுக்கு அஃது உறவாகின்றது; பெயரறியாதவனுக்கு வெறும் பச்சைத் திரையாகின்றது. காட்டோரப் பலகைகளில் விலங்கின் பெயரும் மரத்தின் பெயரும் நல்ல தமிழில் இருத்தல் வேண்டும். அதனொடு, இருளரும் குறும்பரும் தொதவரும் கோத்தரும் தமக்கென மொழியுடையவர். அவை தமிழோடு உறவுடைய மொழிகள். நம் மொழிக்கு நாம் கேட்கும் மதிப்பை அவர்கள் மொழிக்கு நாம் மறுத்தல் ஆகாது. அவர்கள் வழங்கும் ஓடைப்பெயரும் மேட்டுப்பெயரும் பலகையில் ஏறட்டும்.

இவற்றையெல்லாம் தொகுத்து, அரசும் மக்களும் மேற்கொள்ள வேண்டுவனவாக நாம் முன்வைப்பன இவை:

1. யானைத் தடத்திலும் காப்பகத்தின் உட்பகுதியிலும் வணிக இரவுத் தங்கல் அறவே இருத்தலாகாது. சீகூர்த் தீர்ப்பு எஞ்சாமல் நிறைவேற்றப்பட வேண்டும்.

2. மூடப்படும் விடுதிகளில் உழைத்த உள்ளூரார்க்கு, மூடும் நாளிலிருந்தே மாற்றுப் பணி உறுதி செய்யப்பட வேண்டும்.

3. காட்டின் வெளிவிளிம்பிலும் ஆற்றங்கரை ஊர்களிலும், மலைமக்கள் ஊர்க்குழுக்களே நடத்தும் எளிய தங்கல்மனைகள் மிகுதல் வேண்டும். 2006-ஆம் ஆண்டின் காட்டுரிமைச் சட்டம் வழங்கும் கூட்டு உரிமைகளை முதலில் முழுமையாக அளித்து, அவ்வடிப்படையில் இது நடைபெறட்டும்.

4. மாணவர்க்கும் கூலியுழைப்பாளர்க்கும் அவற்றில் குறைந்த கட்டணம் வைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு பள்ளி மாணவனும் படிப்பை முடிக்குமுன் ஓரிரவேனும் ஆற்றங்கரையில் ஆசிரியரோடும் வழிகாட்டியோடும் தங்கி, விண்மீன் கண்டு, நீர் எங்கிருந்து வருகின்றது என்று கற்றிருத்தல் வேண்டும்.

5. அருவிக்கும் ஆற்றுத்துறைக்கும் மேல்மலை மழையளவை உடனுக்குடன் அறிவிக்கும் ஏற்பாடும், தீக்காலத்தில் புல்மலைத் தடங்களை மூடும் ஒழுங்கும் எங்கும் நிலைபெற வேண்டும்.

6. காட்டுக்கும் ஆற்றுக்கும் மதுவோடு செல்லலாகாது. இதற்குச் சட்டத்தை எதிர்பார்த்திராமல் நம் இளைஞர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளட்டும்.

தமிழிளைஞனே! உன் நாட்டு மலையைக் காணச் செல். அதற்கு யாரும் உன்னைத் தடுத்தலாகாது. ஆனால் செல்லும்போது விருந்தினனாய்ச் செல். விருந்தினன் வீட்டாரின் இசைவு கேட்டு நுழைவான். கொடுத்த இடத்தில் இருப்பான். உறங்கும் வேளையில் ஓசையிடான். உண்ட இலையைத் தானே எடுப்பான். நன்றி கூறி மீள்வான். காட்டின் வீட்டார் இருவர்: ஒருவர் அங்கு வாழும் மலைமக்கள், மற்றவர் பேச்சற்ற உயிர்கள். முன்னவரை முதலாளியின் கூலியாளாக்கியும் பின்னவரைத் தீயிட்டு விரட்டியும் பெறும் மகிழ்ச்சி, மகிழ்ச்சியன்று; அது வன்பற்றல். விருந்தோம்பலை உலகுக்குக் கற்பித்தோம் என்று பெருமை கொள்ளும் இனம், விருந்தினனாய் இருக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். அதனைக் கற்ற நாளில், மாயாற்றுக்கு நீர்குடிக்க வரும் யானை மீண்டும் அச்சமின்றி வரும். நம் பிள்ளைகளும் பவானிக் கரையில் அச்சமின்றி உறங்குவர்.